அன்பான்: பூரணம் வைத்த ஜப்பானியப் பன்னின் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அன்பான் என்பது என்ன? பெயரை எப்படிச் சொல்வது?

உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பன். மேலே முட்டை தடவிச் சுட்ட பழுப்பு மினுமினுப்பு இருக்கும். பிய்த்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, இனிப்பான பயற்றுப் பூரணம். ஜப்பானில் பெரிய பேக்கரியிலும் கிடைக்கும், ரயில் நிலையத்துச் சிறு கடையிலும் கிடைக்கும்.

'அன்' என்றால் இனிப்புச் சேர்த்து மசித்த பயறு, அதாவது நம் பூரணம். 'பான்' என்றால் ரொட்டி. சேர்த்து எழுதினால் தமிழில் 'அன்பு' என்ற சொல்லைப்போல் படித்துவிடுவோம். அன், பான் என்று பிரித்து, 'பால்' என்று சொல்லும்போது வருகிற பகரத்தோடு சொல்லுங்கள். சரியாக வந்துவிடும்.

ஈழத்தில் ரொட்டியைப் 'பாண்' என்கிறோம். ஜப்பானியரின் 'பான்' அதேதானா?

அதேதான். இரண்டும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1543இல் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் கரையேறினார்கள். போன இடமெல்லாம் ரொட்டியையும் அதன் பெயரையும் விட்டுவிட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பாண் சுடும் 'போறணை'கூட அவர்கள் தந்த சொல்தான். தமிழ்நாட்டில் சட்டைக்குப் போடுகிற 'பொத்தான்' ஜப்பானில் 'போத்தன்' ஆக இருக்கிறது.

ஆனால் ஜப்பானில் அந்த ரொட்டி அப்போது வேர் பிடிக்கவில்லை. கிறிஸ்தவத்துக்குத் தடை வந்து, 1639இல் போர்த்துகீசியரையே வெளியேற்றிவிட்டார்கள். சொல் தங்கிவிட்டது, பண்டம் ஏறக்குறைய மறைந்துபோனது. அதற்கப்புறம் இருநூறு வருஷம் கழித்து, 1842இல், நிராயாமா என்ற ஊரின் ஆட்சியாளரான எகாவா ஹிதெதாட்சு படைவீரர்களுக்காக ரொட்டி சுடவைத்தார். அது போர்க்களத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற கட்டை ரொட்டி. ஆசைப்பட்டுத் தின்கிற பண்டம் இல்லை.

அன்பானை முதலில் செய்தவர் யார்?

கிமுரா யாசுபே. பிறந்தது 1817இல். சாமுராய் வகுப்பைச் சேர்ந்தவர். 1868இல் பழைய ஆட்சி சரிந்து மெய்ஜி பேரரசரின் அரசு வந்தபோது, வாளை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய யாசுபேயும் அவர்களில் ஒருவர். அந்த வயதில் அவர் கற்றுக்கொள்ளத் துணிந்தது, தன் நாட்டார் பெரும்பாலோர் வாயிலேயே வைத்திராத ஒரு பண்டத்தின் தொழிலை.

1869இல் டோக்கியோவின் ஷிபா பகுதியில் 'புன்எய்தோ' என்ற பெயரில் கடை திறந்தார். அப்போது எல்லார் வாயிலும் இருந்த 'நாகரிக மலர்ச்சி' என்ற முழக்கத்திலிருந்து ஓர் எழுத்து, மகன் எய்சாபுரோவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து. கடை அதே வருஷம் தீயில் எரிந்தது. அதே நகரத்தின் கின்சா பகுதிக்கு இடம் மாற்றி, 'கிமுராயா' என்று பெயர் வைத்து மறுபடி தொடங்கினார். 1872இல் கின்சாவையே விழுங்கிய பெருந்தீயில் அதுவும் போனது. மூன்றாவது முறையும் எழுப்பினார்.

1874இல் அந்தக் கடையில்தான் தகப்பனும் மகனும் அன்பானைச் செய்தார்கள். கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பேரரசர் தின்ற நாளுக்கு நேரே தாவிவிடுகிறார்கள். இரண்டு தீயையும் நான் விடாமல் சொல்வேன். இரண்டு முறை சாம்பலைப் பார்த்த பிறகும் அவர் அடுப்பை விட்டுப் போகவில்லை.

பன்னுக்குள் பூரணம் வைத்ததுதான் அவருடைய புதுமையா?

பாதிதான். மற்ற பாதி மாவில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய பாதி.

அன்றைக்கு யோகோஹாமா துறைமுகத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பேக்கரிகள் இருந்தன. பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் சாற்றில் வளர்த்த ஈஸ்ட்டைப் போட்டு மாவைப் பொங்கவைத்தார்கள். அந்த ஈஸ்ட் உள்ளூர்க்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதில் சுட்ட ரொட்டி, சோறு தின்று வளர்ந்த நாக்குக்குக் காய்ந்தும் புளித்தும் பட்டது.

யாசுபேயும் எய்சாபுரோவும் தங்கள் ஊரிலேயே பொங்குவது எது என்று தேடினார்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தது சாக்கே என்கிற அரிசி மது. அதற்கு வேகவைத்த அரிசியின்மேல் கோஜி என்ற பூஞ்சணத்தை வளரவிடுவார்கள். கோஜி அரிசியின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். காற்றிலும் அரிசியிலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று நுரைக்கும். நுரைக்கிற அந்தக் கலவையை அவர்கள் கோதுமை மாவுக்கு உறையாக ஊற்றினார்கள். 'சாக்கதானே' என்று அதற்குப் பெயர். சாக்கேயின் விதை என்று பொருள்.

இதைப் படிக்கிற தமிழருக்கு ஆப்பம் நினைவுக்கு வராமல் இருக்காது. ஈஸ்ட் பொட்டலம் வருவதற்கு முன் அப்ப மாவைப் பொங்கவைத்தது கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் கள் விட்டுச் சுடுகிற வீடுகள் உண்டு. கோவாவில் போர்த்துகீசியருக்கு ரொட்டி சுட்டவர்களும் தென்னங்கள்ளைத்தான் ஊற்றினார்கள். ஊரில் எது தானாகப் பொங்குகிறதோ அதை மாவில் விட்டுப் பார்ப்பது அடுப்படியின் பழைய அறிவு. யாசுபே செய்ததும் அதுதான். வெளியிலிருந்து வந்த ரொட்டியை உள்ளூர் உறையில் வளர்த்தார். அதனால்தான் அது ஜப்பானியப் பண்டமாக மாறியது என்பது என் எண்ணம். பூரணம் மட்டும் வைத்திருந்தால் அது வெள்ளைக்காரர் ரொட்டிக்குள் வைத்த இனிப்பாகவே நின்றிருக்கும்.

சாக்கே உறை மெதுவாக வேலை செய்யும். அவசரப்படுகிறவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் இனிப்பான மாவையும் தாங்கிப் பொங்கும், சுட்ட பன் சீக்கிரம் வறண்டுபோகாது, பிய்க்கும்போது லேசான மது வாசனை மூக்கில் தட்டும்.

பயற்றுப் பூரணம் ஜப்பானுக்கு எங்கிருந்து வந்தது?

சீனாவிலிருந்து. அங்கே இறைச்சி வைத்து ஆவியில் வேகவைக்கும் உருண்டைகள் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஒரு ஜென் குருவோடு ஜப்பானுக்கு வந்த ரின் ஜோயின் என்ற சீனர், நாரா நகரில் தங்கி, இறைச்சி தின்னாத துறவிகளுக்காக உள்ளே பயற்றை வைத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. நாராவில் அவருக்குக் கோவிலே இருக்கிறது. அந்தப் பண்டத்துக்கு 'மஞ்சு' என்று பெயர். மஞ்சுவில் சாக்கே உறை விட்டுச் செய்யும் வகையும் உண்டு. ஆக, அன்பானின் தாய்வழி மஞ்சு, தகப்பன்வழி போர்த்துகீசிய ரொட்டி. ஆவியில் வெந்துகொண்டிருந்ததை யாசுபே அடுப்புச் சூட்டுக்கு மாற்றினார்.

பயறு அசுகி என்கிற சிறு சிவப்புப் பயறு. நம் உளுந்து, பாசிப்பயறு, காராமணி எல்லாம் எந்தத் தாவரக் குடும்பமோ அதே குடும்பம், இன்னும் நெருங்கிச் சொன்னால் அதே பேரினம். கொழுக்கட்டைக்கும் சுழியத்துக்கும் போளிக்கும் நாம் கடலைப் பருப்பையும் பாசிப்பருப்பையும் வெல்லம் போட்டுக் கிளறுகிறோம். அவர்கள் அசுகியைச் சர்க்கரை போட்டுக் கிளறுகிறார்கள்.

பேரரசருக்காகத்தான் அன்பானைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே?

இல்லை. அன்பான் 1874இலேயே கின்சா கடையில் விற்பனையில் இருந்தது. பேரரசருக்காகப் புதிதாகச் செய்தது அதில் ஒரு வகையை.

யாமாஓகா தெஷ்ஷூ என்பவர் பேர்போன வாள்வீரர். 1868இல் புது அரசின் படையோடு வந்த தளபதி சாய்கோ தகாமோரியிடம் தூது போய், எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) ரத்தம் சிந்தாமல் கைமாற வழி செய்தவர். பிறகு அரண்மனையில் பேரரசரின் அணுக்கப் பணியாளராக இருந்தார். அவருக்குக் கிமுராயா பண்டத்தின்மேல் பிரியம். 1875 ஏப்ரல் 4 அன்று, மெய்ஜி பேரரசர் சுமிதா ஆற்றங்கரையின் முகோஜிமாவில் மிதோ என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகைக்குச் செர்ரிப் பூ பார்க்கப் போனார். அப்போது தேநீரோடு அன்பான் வைக்கலாம் என்று தெஷ்ஷூ ஏற்பாடு செய்தார்.

பூ பார்க்க வருகிறவருக்குப் பூவையே பன்னில் வைத்தார்கள் யாசுபேயும் மகனும். யோஷினோ மலையின் அடுக்குச் செர்ரிப் பூவை உப்பில் ஊறப்போட்டு, பன்னின் நடுவில் பதித்துச் சுட்டார்கள். பேரரசருக்கு அப்போது 22 வயது. அவருக்கும் பேரரசிக்கும் பிடித்துப்போய், தொடர்ந்து அனுப்பச் சொன்னார்கள்.

அந்தத் தட்டின் கனம் புரிய அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் முன்புதான், 1872இல், பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வந்து நாடே அதிர்ந்தது. புது உணவுகளைத் தொடலாமா கூடாதா என்று சனங்கள் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரரசரே தின்ற பன் என்றானதும் தயக்கம் விட்டுப்போனது. ஏப்ரல் 4 இன்றைக்கு ஜப்பானில் 'அன்பான் நாள்'.

நடுவில் ஏன் குழி?

ஜப்பானியர் அதைத் 'தொப்புள்' என்றே சொல்கிறார்கள். பூ வைக்க அது இடம். அதைவிடப் பெரிய பயனும் உண்டு. அடுப்பில் பூரணத்தின் ஈரம் ஆவியாகி மேல்மாவைத் தூக்கும். தூக்கினால் பன்னுக்கும் பூரணத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து, கடிக்கும்போது முதல் வாய் வெறும் காற்றாக இருக்கும். நடுவில் அழுத்திவிட்டால் மேல்மாவு பூரணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பூ வைத்த பன்னை ஓரத்திலிருந்து தின்னாதீர்கள், நடுவிலிருந்து பிய்த்துப் பாருங்கள். சுருங்கிய ஒரு பூ, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்து மாவோடு ஒட்டியிருக்கும். நாக்கில் முதலில் படுவது உப்பு. அதோடு வேறெதிலும் இல்லாத ஒரு பூமணம். அப்புறம்தான் பயற்றின் இனிப்பு மெல்ல வந்து சேரும். இனிப்புக்கு ஒரு கல் உப்பு போடச் சொல்கிற நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எத்தனை வகை உண்டு?

பூரணத்தில் இரண்டு கட்சி. பயறு முழுசு முழுசாகத் தெரிகிற 'ட்சுபு அன்', தோல் நீக்கி அரித்து வழுவழுப்பாக்கிய 'கோஷி அன்'. எது உயர்ந்தது என்று கேட்டால் ஜப்பானில் வீட்டுக்குள்ளேயே விவாதம் நடக்கும். எனக்கு முழுப்பயறுதான். பல்லில் தோல் படுவது தனி சுகம்.

வெளியிலிருந்து அடையாளம் தெரிய மேலே தூவுவதும் வழக்கம். கசகசா தூவியிருந்தால் பெரும்பாலும் வழுவழுப்பான பூரணம். கிமுராயாவின் சாக்கே உறைப் பன்களில் செர்ரிப் பூ, கசகசா, முழுப்பயறு தவிர, பச்சைப் பட்டாணியில் ஒன்றும் வெள்ளை மொச்சைபோன்ற பயற்றில் ஒன்றும் உண்டு.

ஜப்பானியர் இதைச் சாப்பாடாக உண்கிறார்களா?

இல்லை, நடுவேளைப் பண்டம். ஒரு டம்ளர் குளிர்ந்த பாலோடு தின்பது பலருக்கும் பிடித்த ஜோடி. பள்ளி விளையாட்டு விழாக்களில் அன்பானைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வாயாலேயே கவ்வ வேண்டிய ஓட்டப் போட்டி உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சோற்றுக்குப் பதிலாக ரொட்டி என்று வந்திருந்தால் சோற்றோடு மோதித் தோற்றிருக்கும். நம் ஊரில் வெகுகாலம் பன்னும் ரொட்டியும் காய்ச்சல்காரர் உணவாகவே நின்றதை நினைத்துப் பாருங்கள். நம் பன்னுக்கும் மதிப்பு வந்தது டீக்கடையில் வெண்ணெயும் ஜாமும் சேர்ந்த பிறகுதான்.

ஜாம் பன், கிரீம் பன் எல்லாம் இதன் வழி வந்தவையா?

ஆமாம். ஜாம் வைத்த பன்னை 1900இல் கொண்டுவந்ததும் இதே கிமுராயாதான், மூன்றாம் தலைமுறை கிமுரா கிஷிரோவின் காலத்தில். 1904இல் டோக்கியோவின் நகாமுராயா கிரீம் பன்னைக் கொண்டுவந்தது. பன்னுக்குள் எதையாவது வைக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறை திறந்துகொண்டால் நிற்காது.

நகாமுராயா என்ற பெயரை நாம் மறக்கக் கூடாது. பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி ஜப்பானுக்குப் போன இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸை 1915இல் ஒளித்துவைத்துக் காத்தது அந்தப் பேக்கரிக் குடும்பம். 1918இல் அவர்கள் மகள் தோஷிகோவை அவர் மணந்தார். 1927இல் அந்தக் கடை பரிமாறத் தொடங்கிய இந்தியக் கறி அவர் சொல்லிக்கொடுத்தது. பின்னாளில் 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் அவர் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஒப்படைத்தபோது, அந்த இயக்கத்துக்குள் திரண்டு வந்தவர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளம்.

வேறு நாடுகளில் கிடைக்குமா?

கொரியாவிலும் தைவானிலும் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பரவி, அங்கத்திய பண்டமாகவே மாறிவிட்டது. கொரியாவில் 'தன்பாத்பாங்' என்பார்கள். கடைசி அசையில் அதே போர்த்துகீசிய ரொட்டி ஒளிந்திருக்கிறது. குன்சான் நகரில் 1945 முதல் நடக்கும் இசோங்தாங் பேக்கரி இதற்குப் பேர்போனது. வாசலில் வரிசை நிற்கும்.

சைவர்கள் சாப்பிடலாமா? சாக்கே சேர்வதால் மது ஆகுமா?

பூரணம் முழுச் சைவம். மாவில் பாலும் வெண்ணெயும் பெரும்பாலும் இருக்கும், முட்டையும் பல கடைகளில் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். உறை என்பது குடிக்கிற சாக்கே இல்லை, அரிசியும் கோஜியும் நுரைக்கிற கலவை. எந்த ஈஸ்ட் போட்டு மாவு பொங்கினாலும் கொஞ்சம் சாராயம் உண்டாகத்தான் செய்யும். அடுப்புச் சூட்டில் அதில் பெரும்பகுதி போய்விடும். மார்க்க நெறிப்படி துளியும் கூடாது என்பவர்கள் சாதாரண ஈஸ்ட்டில் சுட்டதைத் தேடுவது நல்லது. கடைகளில் கிடைப்பதில் மிகப் பல அந்த வகைதான்.

நம் ஊரில் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். அசுகி கிடைக்காத இடத்தில் சிவப்புக் காராமணி சரியான மாற்று. தட்டைப்பயறு என்றும், இலங்கையில் கௌபி என்றும் சொல்வது இதைத்தான். 200 கிராம் பயற்றை இரவே ஊறவையுங்கள். முதல் கொதியில் வருகிற தண்ணீரைக் கொட்டிவிட்டால் துவர்ப்புப் போய்விடும். புதுத் தண்ணீர் விட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவிட்டு, அதற்கப்புறம்தான் 150 கிராம் சர்க்கரையை இரண்டு மூன்று தடவையாகச் சேர்க்க வேண்டும். முதல் முறை நான் அரைவேக்காட்டிலேயே சர்க்கரையைக் கொட்டிவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தும் பயறு விறைப்பாகவே நின்றது. சர்க்கரை சேர்ந்த பின் பயறு மெத்தாவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து மெல்ல மூடுகிற பதத்தில் இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும்.

மாவுக்கு 250 கிராம் மைதா, 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், கொஞ்சம் உப்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், பிசையும் அளவு வெதுவெதுப்பான பால். நன்றாகப் பிசைந்து, இரட்டிப்பாகும் வரை மூடிவையுங்கள். பத்து உருண்டையாக்கி, ஒவ்வொன்றிலும் எலுமிச்சை அளவு பூரணம் வைத்து மூடுங்கள். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது எளிது. ஓரம் மெலிசாக, நடு கனமாக மாவைத் தட்டினால் பூரணம் அடியில் பிதுங்காது. மறுபடி பொங்கவிட்டு, ஈரக் கட்டைவிரலால் நடுவில் பூரணம் தட்டுப்படும் வரை அழுத்துங்கள். மேலே பால் தடவி, கசகசா தூவி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

சாக்கே உறைக்கு மாற்று உண்டா?

கோஜி கிடைத்தால் சோறு, கோஜி, தண்ணீர் கலந்து நீங்களே வளர்க்கலாம். தினம் கிளறி, நுரை வரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள் இறக்கத் தடையில்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: அன்று இறக்கிய கள்ளைப் பாலுக்குப் பதிலாக விட்டுப் பிசையுங்கள். மாவு பொங்க இரவு முழுவதும் ஆகலாம். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் அப்படி ஒரு முறை சுட்டோம். ஆப்பத்தின் வாசனை வருகிற பன்னுக்குள் கௌபிப் பூரணம். வீட்டிலிருந்த பெரியம்மா ஒன்றைப் பிய்த்து மணந்து பார்த்துவிட்டு, "இது எங்கட பணிஸ்தானே பிள்ளை" என்றார். ஈழத்தில் பன்னைப் 'பணிஸ்' என்பார்கள்.

மறுநாள் வரை இருக்குமா?

ஈஸ்ட்டில் சுட்டது அன்றைக்கே நன்றாக இருக்கும், மறுநாள் கொஞ்சம் வறளும். கள்ளிலோ சாக்கே உறையிலோ சுட்டது மறுநாளும் மெத்தென்றே இருக்கும், பூரணத்தின் ஈரம் மாவில் இறங்கி ருசி கூடியிருக்கும். டப்பாவில் மூடி வெளியே வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மாவு விறைத்துவிடும்.